பன்னிரண்டாவது காய்

மைனி,

இன்று காலை தெற்கேயிருந்து புது இலை வந்து இறங்கியது. நான்கு வண்டிகள். முதல் கோணியின் வாயை அவிழ்த்ததும் அந்த வாடை எழுந்தது. காய்ந்த வைக்கோலையும் பழைய தேயிலையையும் சேர்த்துக் கசக்கியது போல, தொண்டையின் அடியில் போய் உட்காரும் நிலாவரை வாடை. மனிதர்களின் வயிற்றைச் சுத்தம் செய்யச் சீமை வரைக்கும் கப்பலேறிப் போகிற இலை, பொறுக்குகிறவர்களின் மூக்கைத்தான் முதலில் சுத்தம் செய்யும். இலை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி முழுக்கத் தும்மல். எல்லாரும் தும்மி ஓய்ந்த பிறகும் ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உன்னுடைய ஏழு தும்மலுக்காகக் காத்திருந்தோம்.

கார்த்திகையில் போனாய். இப்போது மாசி. உனக்கு மடல் எழுதுவது வேடிக்கைதான். உனக்கு எழுத்துத் தெரியாது. கிட்டங்கிக்கு வரும் காகிதங்களை நான் வாசிக்க, நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். "அந்த எடத்த இன்னொரு மட்டம் படிட்டி" என்பாய். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் அதில் இருக்கிற சூது எனக்கே விளங்கும். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர்கூட என்னை அப்படிச் சோதித்ததில்லை.

எழுதாமல் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை. சண்டை ஓய்ந்து கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. முதலாளி அண்ணாச்சி தூத்துக்குடியிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார். எங்கள் கையில் இருக்கிற கிட்டங்கி திரும்ப வேண்டுமாம். எல்லாருக்கும் வேலை உண்டு, நிலையான கூலி உண்டு, கங்காணி கம்பெடுக்க மாட்டான் என்று வாக்கும் கொடுத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை பானை வைத்து முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த விஷயம்தான். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் என்னை இப்படி அலைக்கழிக்கிறது.

நான் முதன்முதல் பேட்டைக் கிட்டங்கிக்குள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். என் கணவர் கொழும்புக்குப் போய் மூன்று வருஷம் ஒரு வரிகூட வராமல், அண்ணன் வீட்டில் பாரமாக இருந்த காலம். இலையை இறுக்கிக் கட்டிய சிப்பங்களின் மேல் இங்கிலீஷ் எழுத்தில் மார்க்கு எழுத ஆள் வேண்டும் என்றார்கள், வந்தேன். கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சை இலை வேறு, பழுத்த இலை வேறு, காம்பு வேறு, காய் வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தான். பேச்சுச் சத்தம் கேட்டால் தட்டு, கை நின்றால் தட்டு. மாலையில் வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் மடியையும் உதறிக் காட்டச் சொல்வான்.

நீ ஜன்னலோரம் இருந்தாய். தூசி குறைவான இடம் அது ஒன்றுதான். நீ வேகமாகப் பொறுக்குகிறவள் என்பதால் கங்காணி உனக்குக் கொடுத்த சலுகை. சாயங்காலம் உன் முறை வந்ததும் மடியை உதறவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாய்: "வே, நாங்க திருடுனா இந்த எலையத் திருடுவமா? இதத் தின்னுட்டு ராத்திரி பூரா கொல்லைக்கு ஓடவா?" பின்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் உன்னைத் தூசி அதிகமான மூலைக்கு மாற்றினான். நீ தும்மிக்கொண்டே மூலையிலும் முதலாவதாகப் பொறுக்கினாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனால் அன்றிலிருந்து நானும் மற்றவர்களைப் போல உன்னை மைனி என்றே கூப்பிட்டேன்.

வெளியே ஒரு களம் உண்டல்லவா, அங்கே பேச்சியும் இன்னும் எட்டுப் பெண்களும் வேலை செய்தார்கள். காய்ந்த செடியை மிதித்து இலையை உதிர்ப்பதும் சொளவில் புடைத்து மண்ணைப் போக்குவதும் அவர்கள் பாடு. எங்கள் வேலைக்கு முந்திய வேலை, எங்களுடையதைவிடக் கடினம். கூரை கிடையாது. அவர்கள் வாசற்படி ஏறக் கூடாது. புடைத்த இலையைப் படியோரம் கொட்டிவிட்டு விலகிப் போக வேண்டும், பிறகு நாங்கள் அள்ளிக்கொள்வோம். சாயங்காலம் கால்வாயில் நாங்கள் கை கால் கழுவிப் போன பிறகு, கீழ்த்தண்ணீரில் அவர்கள் கழுவுவார்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எங்களில் யாரும் அதை ஒரு காரணமாக நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. காற்று வீசுவது போல அது பாட்டுக்கு இருந்தது.

அப்புறம் ஜெர்மன் சண்டை வந்தது. தூத்துக்குடியில் இலை ஏற்றக் கப்பல் இல்லை. ஒருநாள் முதலாளி அண்ணாச்சி சாவிக்கொத்தோடு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை என்று நீயே பலமுறை சொல்லியிருக்கிறாய்.

"கப்பலே வரல. எலைய எங்கன கொண்டு போய்க் கொட்ட? கிட்டங்கியப் பூட்டுதேன். சண்ட முடியட்டும், பாப்பம்."

எல்லாரும் தலைகுனிந்து எழும்பினார்கள். நீ எழும்பவில்லை.

"பூட்டுங்க அண்ணாச்சி. சாவிய மட்டும் எங்க கையில குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு?"

"உள்ள கெடக்க எலைய நாங்க பிரிச்சு நாட்டு மருந்துக் கடைகளுக்கு விக்கோம். மதுரைக்கு அனுப்புவோம். வாடகையும் எலைக்கு உள்ள வெலையும் வித்ததும் ஒங்களுக்கு. மிச்சம் எங்களுக்கு."

அவர் சிரித்தார். "பொம்பளைய கையில கிட்டங்கியா? சரிட்டி, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். ஒங்கள்ல முதலாளி யாரு?"

நீ யோசித்ததாகவே தெரியவில்லை. "யாரும் இல்ல. எல்லாரும்."

"கரையான் திங்கிறதுக்கு நீங்க தின்னா என்ன" என்று சாவியை உன் பக்கம் போட்டார். விளையாட்டாகத்தான் போட்டார். ஒரு மாதத்தில் திரும்பக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வாரம் வேலையே நடக்கவில்லை. எல்லாரும் பேசினோம். அத்தனை வருஷம் கம்புக்குப் பயந்து விழுங்கிய பேச்செல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. மடிச் சோதனை வேண்டாம் என்பதில் மட்டும் சண்டை இல்லை. ஜன்னலோரம் யாருக்கு என்பதில் இரண்டு நாள் சண்டை. மூத்தவளுக்கா, இருமல்காரிக்கா, வேகமாகப் பொறுக்குகிறவளுக்கா? "வாரத்துக்கு ஒருத்தி" என்றாய். உனக்குத் திரும்பக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை நீயே விட்டுக்கொடுத்ததால் அது நிலைத்தது. மதுரைக் கடைக்காரருக்கு நான் எழுதிய காகிதத்தைக்கூட எல்லார் முன்னும் மூன்று முறை வாசிக்க வைத்தாய். எனக்கு எரிச்சலாக வந்தது. "பேசிக்கிட்டே இருந்தா எலை பொடியாப் போவும் மைனி" என்றேன். "போவட்டும். கேக்காமச் செஞ்சா நாளைக்கு நீ கம்பெடுப்ப" என்றாய். அதை நான் மறக்கவில்லை. நெடுநாள் உன்மேல் கோபமாகவும் இருந்தேன்.

பானை எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஆரம்பத்தில் கை தூக்கித்தான் முடிவு செய்தோம். வடிவு என்றொரு சின்னப் பெண், மாமியாரும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குவார்கள். ஏதோ ஒரு விஷயத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது வடிவின் கை பாதிவரை போனது. மாமியாரைப் பார்த்தாள். கை முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இறங்கிவிட்டது. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நீ கவனித்தாய். அடுத்த நாள் ஒரு மண்பானையைக் கொண்டுவந்து, வாயில் துணி கட்டி, கை நுழையும் அளவு கிழித்து வைத்தாய். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு இலை, ஒரு காய். சரி என்றால் இலை, வேண்டாம் என்றால் காய். மிச்சத்தை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது.

"பானைக்குள்ள போட்டது பானையோட. யாரு எதப் போட்டான்னு யாரும் கேக்கப்படாது. வீட்டுல போயும் கேக்கப்படாது, கேட்டியளா?" மாமியாரைப் பார்க்காமல்தான் சொன்னாய். ஆனால் அவளுக்குப் புரிந்தது.

இரண்டாம் வருஷம் ஆவணியில், இலை நன்றாக விற்று எல்லாருடைய கையிலும் கொஞ்சம் தெம்பு இருந்தபோது, நீ அதைக் கேட்டாய்.

"வெளிக்களத்துல ஒம்பது பேரு இருக்காளுவ. அவளுவ பொடைக்கலைன்னா நமக்கு வேல ஏது? நமக்கு முதலாளி இல்லன்னு சொல்லிக்கிடுதோம். அவளுவளுக்கு இருபத்திமூணு முதலாளி இருக்கோம்லா. அவளுவளும் உள்ள வந்து உக்காரட்டும். பானைல கை விடட்டும். நமக்கு உள்ள பங்கு அவளுவளுக்கும்."

இலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒரே கூச்சல். வீட்டில் விட மாட்டார்கள், தண்ணீர்ப்பானையை யார் தொடுவது, ஊர் என்ன சொல்லும். "இப்பம் கத்த வேண்டாம். மூணு நாள் யோசிங்க. சனிக்கிழம போடுங்க" என்றாய். அந்த மூன்று நாளும் என்னிடம் மட்டும் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நம்பினாய். வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், எல்லாரும் ஒரே கர்த்தரின் பிள்ளைகள் என்று பாடுகிறவள், இவளிடம் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பாய்.

மைனி, என் அப்பாவைப் பெற்ற தாத்தா வேதத்துக்கு வருமுன் எந்தத் தெருவில் இருந்தார் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. பேச்சியின் தெரு போன்ற ஒரு தெருதான், வேறு ஊரில். இரண்டு தலைமுறை எழுத்தும், வெள்ளைச் சீலையும், எஸ்தர் என்ற பெயரும் அதை மூடியிருந்தன. உள்பானைத் தண்ணீரை நான் மொண்டு குடித்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒன்பது பேரும் உள்ளே வந்தால் எல்லார் மனதிலும் தெருக் கணக்கு எழும்பும். யாராவது ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். 'ஒன் பூர்வீகம் எங்கனட்டி?' என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். வேறு எதற்கும் இல்லை.

சனிக்கிழமை நான் சிப்பங்களுக்கு மார்க்கு எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி வந்து பானைக்குள் கை விட்டேன். காயைப் போட்டேன்.

நீ பானையைச் சாக்கின் மேல் கவிழ்த்தாய். இலையை ஒரு பக்கம், காயை ஒரு பக்கம், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். ஒரு காயைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தது போலிருந்தது. பிறகு அதையும் காய்களோடு வைத்தாய்.

"பதினோரு எலை. பன்னெண்டு காய். காய்தான் செயிச்சிருக்கு."

பன்னிரண்டாவது காய் என்னுடையது. நான் இலை போட்டிருந்தால் அந்தப் பக்கம் பன்னிரண்டு.

அடுத்து நீ செய்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. உன் சொளவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய், வெயிலில் பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தாய். வடிவின் மாமியார் வாசலில் நின்று கத்தினாள்: "தோத்துட்டல்லா, பொறவு என்னத்துக்கு அங்கன போய் இருக்க?"

"தோத்தது தோத்ததுதான். அவளுவள உள்ள கூட்டிட்டு வரலைலா? ஆனா நான் எங்கன உக்காரணும்னு பானையில கேக்கலயே."

இரண்டு மாதம் அப்படி இருந்தாய். மூலைத் தூசியில் தும்மியவள் களத்து மண்ணில் இருமத் தொடங்கினாய். சனிக்கிழமை பானை வைக்கும்போது மட்டும் உள்ளே வருவாய், போட்டுவிட்டு இறங்கிப் போவாய். உன் பின்னால் ஒருத்தி போனாள், பிறகு மூன்று பேர். நான் போகவில்லை. சிப்பத்தில் மார்க்கு எழுதுகிறவளுக்கு வெளியே என்ன வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்தபோது நீங்கள் எல்லாரும் இலையைக் காப்பாற்ற உங்கள் சீலைத் தலைப்பை அதன்மேல் விரித்துக்கொண்டு நனைந்தீர்கள். நாங்கள் கூரைக்கடியில் நின்று பார்த்தோம். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் மறுபடியும் பானை வைத்தோம். நீ அல்ல, வடிவுதான் கேட்டாள். இம்முறை இலை ஜெயித்தது.

அதற்கும் விலை இருந்தது. ஏழு பேர் அன்றே வேலையை விட்டுப் போனார்கள். வடிவின் மாமியார் எழும்பிப் போனாள், வடிவும் பின்னால் போக வேண்டியதாயிற்று. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாளே, அந்த முகம் உன்னை ரொம்ப நாள் வாட்டியது. "செயிச்சோம்னு சொல்லாதட்டி. கேட்டவளே வெளிய போயிட்டா" என்பாய்.

இரண்டாம் தடவை நான் இலைதான் போட்டேன். அதை இங்கே எழுதக் கூசுகிறது. எல்லாரும் நனைந்த பிறகு குடை பிடித்தவளின் பெருந்தன்மை அது. பேச்சி உள்ளே வந்து உட்கார்ந்த முதல் நாள் உள்பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். நான் பயந்த கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவே இல்லை, மைனி. எதற்குப் பயந்து அதைச் செய்தேனோ அது வரவே இல்லை.

அதன்பின் மூன்று வருஷம். உன்னோடு அருகருகே உட்கார்ந்து எத்தனையோ பேசியிருக்கிறேன். சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்து, பானைக்குள் போட்டது பானையோடு என்று நீயே சொன்னதைக் காரணமாக்கித் தப்பித்துக்கொண்டேன். பிறகு விஷக்காய்ச்சல் வந்தது. பேட்டையில் வீட்டுக்கு வீடு ஆள் விழுந்தார்கள். நீயும் நானும் ஒரே வாரத்தில் விழுந்தோம். எனக்கு நினைவு திரும்பி எழும்பி உட்கார்ந்தபோது நீ போய் மூன்று நாளாகியிருந்தது. அண்ணன் சொன்னார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அன்று மத்தியானம் பேச்சி கஞ்சி கொண்டுவந்தாள். தானே கலயத்தை என் வாயருகே பிடித்தாள். உன்னைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பாதிக் கஞ்சியில் நான் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"பேச்சி, மொத மட்டம் பானை வச்சப்ப, ஒங்கள உள்ள விடப்படாதுன்னு நான் காய் போட்டேன்."

அவள் கலயத்தை எடுக்கவில்லை. "குடி, ஆறுது."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"எனக்குத் தெரியும்ட்டி. எங்க ஒம்பது பேருக்கும் தெரியும். நீ மார்க்கு எழுதுத கையோடல்லா வந்து போட்ட? ஒன் காயில மை இருந்துச்சு. மைனி அன்னைக்கே பாத்துட்டா."

நான் கலயத்தைக் கையால் விலக்கினேன்.

"வெளிய வந்து உக்காந்தால்லா, அன்னைக்கு நாங்கதான் தொளைச்சுத் தொளைச்சுக் கேட்டோம், யாரு யாரு போட்டான்னு. அவ வாயத் தொறக்கல. எண்ணி முடிச்சிட்டு எடுத்துக்கிட்டா போல, அவ மடியில ஒரு காய் இருந்துச்சு, கருப்பா வெரலடையாளத்தோட. அதப் பாத்து நாங்களே கண்டுபிடிச்சிட்டோம். நான் ஒன்னய வையத்தான் வந்தேன். படியேற முடியாதுல்லா, படிக்குக் கீழயே நின்னு கத்தலாம்னு. மைனி என் கையப் பிடிச்சிட்டா."

"என்ன சொன்னா?"

"'வையாத. அவ காய் போடலாம்னுதான் பானைய வச்சேன். எனக்குப் பிடிச்சதத்தான் போடணும்னா கம்பே போதும்லா'ன்னு சொன்னா. பொறவு காய வாய்க்கால்ல எறிஞ்சிட்டா." பேச்சி கலயத்தைச் சாய்த்தாள். "பூராத்தையும் குடி."

மூன்று வருஷம், மைனி. அந்த ஒன்பது பேரும் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ தெரிந்துகொண்டே என்னைக் காகிதம் வாசிக்கச் சொன்னாய். என்னை மன்னித்தாயா, அல்லது மன்னிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தாயா? இரண்டும் வேறு வேறு. எது என்று இனிமேல் யாரிடம் கேட்பேன்? நீ ஒருமுறை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். சனிக்கிழமை வந்து போய்விட்டது.

பானை வைக்குமுன் நான் எழும்பி நின்றேன். என் தாத்தாவின் தெருவைச் சொன்னேன். அன்றைக்குப் போட்ட காயைச் சொன்னேன். ஏன் போட்டேன் என்றும் சொன்னேன். பெரிய அழுகையோ வசவோ வரும் என்று நினைத்தேன். ஜன்னலோரம் இருந்தவள், "நானும்தான் காய் போட்டேன், அதுக்கு என்ன இப்பம்?" என்றாள். பேச்சிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இதெல்லாம் பொறவு பேசலாம். புது எலை காத்தாடாமக் கெடக்கு. முதலாளி விஷயத்தச் சொல்லி முடிட்டி."

முதலாளி அனுப்பிய காகிதத்தை வாசித்தேன். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் வாசித்தேன். கிட்டங்கி எங்களிடமே இருக்கட்டும் என்றால் இலை, திரும்பக் கொடுக்கலாம் என்றால் காய். கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, என் இலையைப் போட்டேன். எண்ணும்போது நாங்கள் ஜெயித்திருந்தோம், நாலே நாலு இலை வித்தியாசத்தில். கிட்டங்கி எங்களிடமே இருக்கும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அத்தனை காயா என்றுதான் இருந்தது.

வெளியே வந்ததும் பேச்சி தானாகவே சொன்னாள், மறைக்கவில்லை. "நான் காய்தான் போட்டேன்."

மழையில் நனைந்து நீ யாருக்காக இடம் கேட்டாயோ, அவளே அந்த இடத்தை முதலாளியிடம் திரும்பக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் பேச்சி?"

"காய்ச்சல்ல ரெண்டு மாசம் கிட்டங்கி பூட்டிக் கெடந்துச்சுல்லா. எலை விக்கல, பங்கும் இல்ல. எனக்கு மூணு பிள்ளைய. முதலாளின்னா வாராவாரம் கூலி வரும். எல்லாரும் முதலாளின்னா எல்லாரும்லா பட்டினி கெடக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "மைனி இருந்தா நான் அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருப்பேன்" என்றாள்.

கோபம் வந்தது. அவள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்பதால் அதைக் கொட்ட முடியவில்லை. "திங்கக்கிழம வேலைக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டேன்.

என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தாள். "வராம? தோத்துப் போனா வேலைய விட்டுப் போயிருவாகளா?"

காய்ச்சல் மாதிரி இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. ஒவ்வொரு பங்கிலிருந்தும் கொஞ்சம் இலையை ஒதுக்கி வைக்கலாமா என்று திங்கட்கிழமை முழுக்கப் பேசினோம், முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி பேசுவோம்.

நாளை காலை ரயிலில் நான் தூத்துக்குடிக்குப் போகிறேன். முதலாளி அண்ணாச்சியிடம் எங்கள் முடிவை நேரில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு இடத்துக்குப் பேசப் போவதென்றால் நீ இரண்டு பேரை அனுப்புவாய், ஜெயித்த பக்கம் ஒருத்தி, தோற்ற பக்கம் ஒருத்தி. ஏன் என்று நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான் என்று சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். பேச்சியைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அங்கன வந்து நான் அவுகளுக்குப் பரிஞ்சு பேசுனா நீ என்னட்டி செய்வ?"

"பேசு" என்றேன்.

சொல்லிவிட்டேன், மைனி. இரண்டு டிக்கெட்டுக்கும் காசை எண்ணி முடிந்து வைத்திருக்கிறேன்.